வாயைக் கட்டாதவள்

காலை வெயில் மருந்து அலமாரிக் கண்ணாடியில் பட்டு மேசைமேல் சிதறுகிறது. இந்தக் கிளினிக்கில் இனிப்புநீர் நோயாளிகளுக்கு எவ்வளவு குணம் தெரிகிறது என்று பார்க்க ஜொகூர் பாருவிலிருந்து வந்திருக்கும் டாக்டர் ஃபரீஹா ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே பூங்காவனம், தொழிற்சாலைச் சட்டையோடு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக்கை, சீனி தூக்கலான அந்தப் பால் தேநீரை, சத்தமாக உறிஞ்சுகிறாள். தாதி லோஷினி குனிந்து கிசுகிசுக்கிறாள். "ஆண்ட்டி, மூணு நாளைக்கு வாயக் கட்டிட்டு வாங்கன்னு எல்லாருக்கும் சொன்னேன்ல?" பூங்காவனம் குரலைத் தாழ்த்தவில்லை. "ஒங்க கிளினிக் நல்ல பேரு வாங்க நான் எதுக்கு மிஸி பட்டினி கெடக்கணும்? நைட் ஷிஃப்ட்ல ரெண்டு தே குடிச்சாத்தான் நிக்க முடியுது. அந்த ஒடம்புக்குத்தானே மருந்து தர்றீங்க?" வெளியே காத்திருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பூங்காவனம் பையின் ஈரம் பட்ட விரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்து நீட்டுகிறாள். ஊசி குத்துகிறது, ஒரு சொட்டு ரத்தம் எழுகிறது, சின்னக் கருவி கீச்சிடுகிறது. எண் தெரிந்ததும் லோஷினியின் உள்ளங்கை அதை மூடுகிறது. பூங்காவனம் அந்தக் கையை விலக்கி, கருவியை டாக்டர் பக்கம் திருப்பி வைக்கிறாள். "இதுதான் என் சீனி, டாக்டர். எழுதிக்குங்க."