ஆடாத மேஜை

"போயிடு. இனிமே இங்க இருந்து பிரயோஜனமில்லை."

பெரியக்கா இப்படிச் சொன்னதும் புள்ளத்தாச்சியின் முகம் வெளிறிப்போனது.

"நிஜமாவா அக்கா? வேலைக்குக் கூப்பிட்ட அந்தக் கம்பெனியில பன்னிரண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பஸ் மாறணும். நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை."

"இங்க மட்டும் என்ன? வேலையே இல்லாம உட்கார வெச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பரவாயில்லையா?"

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக்கூடம் அது. மடிக்கும் பிரிவில் நாலு பெண்கள். அவர்களுக்குத் தலைவி பெரியக்கா. புள்ளத்தாச்சிக்கு ஏழாம் மாதம். இங்கேயே இருந்தால் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. புது இடத்தில் அது கிடையாது. ஆனால் இங்கே வேலையே இல்லை என்று ஆகிவிட்டால்?

சும்மா பயப்படவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்து சுவரையெல்லாம் டேப் வைத்து அளந்தார்கள். புதன்கிழமை உலர்த்தும் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு வெள்ளி. மேனேஜர் வாயே திறக்கவில்லை.

"கட்டடத்தையே வித்துட்டாங்களாம்," என்றாள் நெட்டச்சி. ஆள் உயரம், பேச்சு அதைவிட நீளம்.

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லலை. லாரிக்காரன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பெரியக்காவுக்கும் அதே பயம்தான். ஐம்பத்திரண்டு வயசில் போய் எந்தக் கதவைத் தட்டுவது? ஒரே தலையணை உறையை மூன்றாவது தடவையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்றே முக்கால். புள்ளத்தாச்சி போனை எடுத்தாள். பாதி நம்பர் அழுத்தினாள்.

"இருடி," என்றாள் பெரியக்கா. "அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன். அப்புறம் பண்ணு."

மேனேஜர் அறைக் கதவை அவள் தட்டக்கூட இல்லை.

"சார், நாங்க மனுஷங்களா, அழுக்கு மூட்டைங்களா? மெஷினைத் தூக்கிட்டுப் போறாங்க, சுவரை அளக்கறாங்க. என்னன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சொல்லலையா?"

"யார்கிட்ட சொன்னீங்க? மேஜைகிட்டயா? அங்க ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு வேலையை விடப்போறா சார். இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

அவர் எழுந்தார். விடுவிடுவென்று மடிக்கும் அறைக்கு வந்தார். பேச வாயெடுத்தவர் பெரிய மேஜையில் கையை ஊன்றினார். ஊன்றிய கையையே பார்த்தார்.

"இந்த மேஜை ஆடுமே? போன வாரம் என் மேல டீயைக் கொட்டிச்சே."

"உங்ககிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நானே முட்டுக் கொடுத்துட்டேன்," என்றாள் பெரியக்கா. "இங்க எல்லாத்தையும் நாங்களேதான் பாத்துக்கணும்."

அவர் குனிந்து மேஜையின் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. நல்லா மாட்டிக்கிட்டாரு என்று பெரியக்கா நினைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க," என்றார் மேனேஜர். "யாருக்கும் வேலை போகலை. பழைய மெஷினுக்குப் பதிலாப் பெரிய மெஷின் நாளைக்கு வருது. அதை வைக்கத்தான் அளந்தாங்க." புள்ளத்தாச்சி பக்கம் திரும்பினார். "உன் லீவு, சம்பளம் எதுவும் மாறாதும்மா. குழந்தையைப் பெத்துட்டு வா. இதே இடம்தான்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"இதை நான் நேர்ல வந்து சொல்லியிருக்கணும். வரலை. உங்களையெல்லாம் தவிக்க விட்டுட்டேன். தப்பு என்னோடது."

புள்ளத்தாச்சி போனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

மேனேஜர் வாசலில் நின்று திரும்பினார். "அந்த மேஜைக்கு ஒரு கட்டை கொடுத்தனுப்பறேன். மாத்திடுங்க."

"எதுக்கு சார்? ஆடாம நல்லாத்தானே நிக்குது?"

அவர் மேஜைக் காலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"தப்பு என்னோடதுன்னு அவர் வாயாலேயே சொல்ல வெச்சுட்டீங்களே அக்கா!" என்றாள் நெட்டச்சி.

"பின்ன? பயந்தா வேலைக்கு ஆகுமா?" பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே கட்டை வந்துவிட்டது. பெரியக்கா தரையில் உட்கார்ந்து, மேஜைக் காலுக்கு அடியில் செருகியிருந்ததை உருவினாள்.

எட்டாக மடித்த மஞ்சள் காகிதம். ஆபீஸ் சுற்றறிக்கை. மாசம் நாலு வரும். கையைக் கழுவுங்கள், செருப்பை வரிசையாக விடுங்கள் என்று ஏதாவது இருக்கும். அதனால் இதையும் படிக்காமலே மடித்துச் செருகிவிட்டாள். மடிப்பதுதானே அவள் வேலை!

இப்போது பிரித்தாள்.

'புதிய உலர்த்தும் இயந்திரம் வருகிறது. யாருக்கும் வேலை போகாது.'

அதற்கு மேலே மேனேஜரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. 'பெரியக்கா, நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள். தயவுசெய்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.'

"என்னக்கா பேப்பர் அது?" என்றாள் புள்ளத்தாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கசக்கி எறிந்திருக்கலாம். பார்த்தவர் ஒருத்தர்தான். அவரும் சொல்லப்போவதில்லை.

பெரியக்கா எழுந்து நின்றாள். மேஜை ஆடியது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

முதலில் தேதியை. அது திங்கட்கிழமை, சுவரை அளக்க ஆள் வந்ததற்கு முந்தின நாள்.