சொந்த ரத்தம்

"போன வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை வந்துது டாக்டர். என் ரத்தம் ஆகாது."

பாண்டி பஜார் பல் கிளினிக்கின் மாடிப்படியில் நின்று, பத்ரிநாராயணன் இந்தப் பச்சைப் பொய்யை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே மகள் நீரஜாவுக்கு இன்னும் சற்று நேரத்தில் ஆபரேஷன். ஈறு இறங்கி, முன்பல் இரண்டின் வேர் வெளியே தெரிந்தது.

போன வாரம் டாக்டர் ஷரஃபுதீன் முதலில் கேட்ட கேள்வியிலேயே பத்ரிக்கு வியர்த்துவிட்டது. "உங்க பரம்பரைல யாருக்காவது ஈறு இப்படி இறங்கியிருக்கா?"

நல்லவேளை, நீரஜாவே முந்திக்கொண்டு "தெரியாது டாக்டர்" என்றாள்.

அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் அடுத்த இடி. "அண்ணத்துலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறுல வெச்சுத் தைக்கப் போறேன். சீக்கிரம் ஆறணும்னு ரத்தத்தை மெஷின்ல சுத்தி, அதுலேர்ந்து பசை மாதிரி எடுத்து மேல தடவுவோம். புது முறைதான், ஆனா சொந்த ரத்தம். அதனால பயமே இல்ல."

சொந்த ரத்தம்! அன்றே அவருக்குத் தூக்கம் போயிற்று.

நீரஜா கைக்குழந்தையாக இருக்கும்போதே தத்தெடுத்த பெண். அக்கம்பக்கத்தார் யாரும் அவளிடம் உளறிவிடக் கூடாதென்றே மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு வீடு மாறினவர் பத்ரி. இன்று அவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு சொட்டிலேயே எல்லாம் வெளிவரப் போகிறது.

"சார், டாக்டர் கூப்பிடறாரு" என்றாள் நர்ஸ்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற ஊரில், பத்ரிக்கு ஒரே ஒரு பொய் தொண்டையைத் தாண்டவில்லை. பொய் சொன்னால் ரகசியம் தப்பும். ஆனால் அடுத்து, பெற்ற தாயென்று நம்பி மனைவியின் ரத்தத்தை எடுத்து வைத்து, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம் பொய்யை விழுங்கிவிட்டது.

டாக்டரின் அறைக்குள் போய் இரண்டு கையையும் கூப்பினார்.

"டாக்டர், என் ரத்தம் வேண்டாம். என் ஆத்துக்காரியோடதும் வேண்டாம். நீரஜா நாங்க பெத்த பொண்ணு இல்லை. தத்தெடுத்துண்டோம். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா."

டாக்டர் ஒரு கணம் விழித்தார்.

"சார், சொந்த ரத்தம்னா அவங்க ரத்தம் சார்! அவங்க கையிலேர்ந்து எடுத்து, அவங்க ஈறுலயே வெக்கிறது. இப்பத்தான் எடுத்தோம்."

பத்ரி திரும்பினார். வாசல் திரையை ஒதுக்கிக்கொண்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி நீரஜா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"டாக்டர் பரம்பரைன்னு கேட்டப்போ நீங்க முழிக்கக் கூடாதேன்னுதான்பா, நான் முந்திண்டு தெரியாதுன்னேன்."