மூன்றாவது படி

“நாப்பத்திரண்டரை ரூபாங்க சாமி. கோயிலு குடுக்க வேண்டிய பாக்கி” என்றார் தங்கவேலு, கடப்பாரையைக் கீழே வைக்காமலேயே.

பங்குச் சாமியார் வெற்றிச்செல்வன் சிரித்தார். “எந்தக் காலத்துப் பாக்கி, பெரியவரே?”

“எழுபத்தொண்ணுல இந்த முகப்பும் படியும் கட்டினப்போ.”

“இன்னா மாமா, வேலை கெடக்குது, பேசிகினே கீறியே!” என்றாள் ஜல்லி சுமந்துகொண்டிருந்த தேவகி.

சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் போட, மாதா கோயிலின் வாசற்படிகளைப் பெயர்க்கும் வேலை. சாமியார் சில நாளாகக் கோயில் வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரியே நகரவில்லை. கோயில் கட்டிய வருடம் ஆரணியில் யாருக்கும் தெரியாது. அதைப் பொறித்திருந்த கல், முகப்பு கட்டியபோதே காணாமல் போயிருந்தது.

பாக்கியைச் சரிபார்க்கச் சாமியார் பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து புரட்டினார். “இதோ... ‘எழுத்துக் கல் திருட்டு. கொத்தனார் கூலியில் பிடித்தம் 42.50.’” அவர் குரல் மாறியது. “அந்தக் கல்லை வித்துக் குடிச்சிட்டீங்களா?”

தேவகி ஜல்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

தங்கவேலு வாசற்படிக்குப் போனார். மூன்றாவது படியின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் புரண்டது. ஒட்டியிருந்த காரையைச் சுரண்டிவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“மா...தா கோ...யில். ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தேழு.”

சாமியார் குனிந்து எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஊரே மிதித்து ஏறிய கல்!

“அப்போ எனக்கு எழுத்து தெரியாதுங்க. கொத்தின பக்கம் சொரசொரன்னு இருந்திச்சி. காலைக் குத்துமேன்னு கவுத்துப் போட்டுட்டேன். நாப்பது வயசுல அறிவொளி வகுப்புல ‘கோ’ எழுதச் சொன்னாங்க. கல்லுல பாத்த சுழி இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சிச்சி. அப்பவும் பயத்துல வாயைத் தொறக்கல.”

சாமியார் பேனாவை எடுத்துத் திருட்டு என்றிருந்த வரியை அடித்தார். பையிலிருந்து ஐயாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். “வட்டியோட வாங்கிக்கோங்க. கோயில் உங்களுக்குப் பண்ணினது பெரிய பாவம்.”

தங்கவேலு கை நீட்டவில்லை.

“தேவகி கையில குடுங்க சாமி. திருடன்னு பேரு வாங்கினு செத்தது அதோட அப்பன், கொத்தனாரு. அவரு சோத்துக்குப் போன நேரத்துல கல்லைப் போட்ட கையாளுதான் நானு.”