சோபாவுக்குப் பின்னால் வந்த சப்வூஃபர்

ஒரு வீட்டுக் கூடத்தில், இடப்பக்கம் நின்ற நெட்டை ஸ்பீக்கர் ஒன்பது வருடமாகப் பாடிக்கொண்டிருந்தது. சத்தம் எழுப்பும் அதன் காகிதக் கூம்பின் ஓரத்தில் ஒரு கீறல். தவில் அதிரும்போதெல்லாம் நெஞ்சைப் பிளக்கும். அதை அது யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் வீட்டுக்காரர் மருதப்பன், கனத்த சத்தத்துக்கென்றே செய்த சப்வூஃபர் ஒன்றைக் கொண்டுவந்து சோபாவுக்குப் பின்னால் வைத்தார். பிடிக்காவிட்டால் மாலையே கடைக்குத் திருப்பிவிடலாம் என்று பேச்சு.

"எவனடா உன்னைக் கூப்பிட்டது?" என்று நெட்டை உறுமியது.

"கோபப்படாதீங்க அண்ணே. கனமானதை நான் தூக்கிக்கிறேன். நீங்க மூச்சு விட்டுப் பாடுங்க."

தவில் கச்சேரி ஓடியது. நெட்டை பயந்துகொண்டே வாயைத் திறந்தது. வலிக்கவே இல்லை. குரலும் கணீரென்று வந்தது.

மருதப்பன் தொடையைத் தட்டினார். "அடேயப்பா! எல்லாச் சத்தமும் நம்ம நெட்டையிலேருந்துதானே வருது! அந்தப் பெட்டி சும்மாதான் கிடக்கு."

சப்வூஃபர் பதறியது. "அண்ணே, ஒரே ஒரு தடவை கரகரத்துக் காட்டுங்க, உங்களால தனியா முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சுடும். உங்க கூம்புல இருக்கிற கீறல் என் காதுக்குக் கேட்குது, நான் போயிட்டா அது கிழிஞ்சுடும்."

நெட்டைக்கு அந்தக் கரகரப்பு தொண்டைவரை வந்தது. ஆனால் பாராட்டு இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கு வந்த பயலுக்காக நான் கரகரக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, முன்னைவிடத் தெளிவாகப் பாடியது.

மருதப்பன் சப்வூஃபரின் பிளக்கைப் பிடுங்கினார். உடனே பாட்டு சப்பென்று ஆனது போலிருந்தது.

"நம்ம நெட்டையால முடியாததா?" என்று சொல்லிக்கொண்டே, வால்யூம் குமிழைக் கடைசிவரை திருப்பினார்.

கச்சேரியில் தவில்காரர் கோலை ஓங்கும் இடம் வந்தது.