கல்யாணியின் கத்தரிக்காய்க் கறி

"பேப்பர் பிளேட்டும் லெமனேட்டும் கொண்டு வந்தால் காணும் எண்டு விமலாக்கா சொன்னவவெல்லே? பிறகேன் விடியக் காலமை கத்தரிக்காய் வெட்டுறீர்?"

சிறிதரனின் குரல் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது. கல்யாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறு வீட்டுச் சனமும் ஆளுக்கொரு கறி கொண்டு வருகுது. நான் மட்டும் கடையிலை வாங்கின பிளேட்டோடை போய் நிக்கிறதே? உங்களுக்கு வெக்கமில்லையே?"

"இல்லை. ஆக்கினதை நாங்கள் வீட்டிலை வைச்சுச் சாப்பிடுவம்."

"என்னை நாலு பேர் மெச்சினால் உங்களுக்குப் பொறுக்காது!"

அவன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். இப்படியும் ஒரு புருஷன் என்று கல்யாணி அடுப்பைப் பார்த்து நொந்துகொண்டாள்.

அவள் சிட்னிக்கு வந்து ஏழு மாதம். மெரிலேண்ட்ஸ் பிளாட்டில் பகல் முழுக்கத் தமிழில் பேச ஒரு குருவி கிடையாது. இலை உதிர்கிற காலத்தில் வருகிற இந்தச் சித்திரை வருஷ விருந்துதான் அவளுக்குக் கிடைத்த முதல் அழைப்பு.

விருந்து வென்ட்வேர்த்வில்லில், விமலாதேவி வீட்டில். விமலாதேவியின் கணவர் நித்தியானந்தனும் சிறிதரனும் ஒரே அலுவலகத்தில் எஞ்சினியர்கள். போன் எடுத்து, "உமக்குக் கத்தரிக்காய்க் கறி" என்று முதலில் பங்கு பிரித்ததே விமலாதேவிதான். அப்படியே ஊரையும் விசாரித்தாள்.

"ஊரிலை எவ்விடம்? எந்தக் கோயிலடி? அப்பான்ரை பேர் என்ன?"

ஊரைப் பற்றிக் கேட்கவும் ஓர் ஆள் கிடைத்ததே என்ற சந்தோஷப் புளுகத்தில் கல்யாணி ஒன்று விடாமல் ஒப்புவித்தாள்.

மூன்றாம் நாள் மறுபடி போன். "நீர் ஒண்டும் சமைச்சு மினக்கெட வேண்டாம், தங்கச்சி. வயித்திலை நாலு மாசமெல்லே? பிளேட்டும் லெமனேட்டும் காணும்."

கூடப் பிறந்தவள்கூட இப்படி யோசிக்க மாட்டாள் என்று கல்யாணி உருகிப்போனாள். அப்படிப்பட்டவளுடைய வீட்டுக்கு வெறும் பிளேட்டோடு போவதா? அம்மா கப்பலில் அனுப்பிய கறித்தூளில் மூன்று கரண்டிதான் மிச்சம் இருந்தது. பிள்ளைப்பேறு வரைக்கும் என்று பொத்தி வைத்திருந்தாள். அதையும் டின்னைத் தட்டிக் கறியில் போட்டாள்.

வாசலில் விமலாதேவி இரண்டு கையாலும் சட்டியை வாங்கினாள்.

"ஐயோ தங்கச்சி, சொல்வழி கேக்க மாட்டீரே! வாசம் தூக்குது!" என்று வாய் நிறையச் சிரித்தபடி குசினிக்குள் போனாள்.

பின்வளவில் மேசை போட்டிருந்தார்கள். முதலில் ஆண்கள் சாப்பிட்டார்கள். பெண்களின் முறை வந்தபோது பருப்பு இருந்தது, உருளைக்கிழங்குப் பிரட்டல் இருந்தது, வடை இருந்தது. கத்தரிக்காயைக் காணவில்லை.

"அக்கா, என்ரை கறி?"

"உம்மடை கறியோ? ஆம்பிளையள் வழிச்சுத் துடைச்சுப் போட்டினம்! எனக்கே ஒரு துண்டு கிடைக்கேல்லை. சட்டியை ஊறப் போட்டிருக்கிறன், பிறகு நித்தியிட்டைக் குடுத்து விடுறன்."

கல்யாணிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. நேரே சிறிதரனிடம் போனாள்.

"நீங்களும் சாப்பிட்டியளே? எப்படி இருந்தது?"

"ம்... நல்லா இருந்தது," என்றான் அவன், அவள் முகத்தைப் பாராமல். காலையில் போட்ட சண்டைக்கு இப்போது வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்தாள்.

பொழுது சாய, கேற்றடியில் காரில் ஏறப் போனார்கள். விமலாதேவி விறாந்தையில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து மிஸிஸ் பார்க்கர் அவசரமாக வந்தாள். கையில் ஒரு சட்டி. மூடியில் வெட்டியிருந்த எழுத்து கல்யாணிக்குத் தெரிந்தது. கல்யாணச் சீரோடு வந்த அவளுடைய சட்டி.

"இதை விமலாவிடம் கொடுத்துவிடுகிறீர்களா?" என்று மிஸிஸ் பார்க்கர் ஆங்கிலத்தில் கேட்டாள். "மத்தியானம் வேலிக்கு மேலால் தந்தாள். சட்டி நிறையக் கறி! விருந்தாளிகளுக்கு வேண்டாமா என்றேன். உங்கள் சமயப்படி நீங்கள் யாரும் இதைச் சாப்பிடக் கூடாதாமே? நானும் மகளும் பாணோடு ஒரு பிடி பிடித்தோம். சமைத்தவர் யாரோ, நான் நன்றி சொன்னேன் என்று சொல்லுங்கள்."

கல்யாணி சட்டியை வாங்கிக்கொண்டாள். "சொல்லுறன்" என்பதைத் தமிழிலேயே சொன்னாள். விறாந்தையில் ஆடிக்கொண்டிருந்த கை நின்றது. விமலாதேவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கார் ரயில் பாலத்தைத் தாண்டியது. கல்யாணியின் மடியில் சட்டி இருந்தது.

"கத்தரிக்காயும் புளியும் உப்பும். இதிலை எங்கடை சமயத்துக்கு ஆகாதது என்ன இருக்கு?"

"கறியிலை ஒண்டுமில்லை. நீர் போனிலை சொன்ன கோயிலடியும் அப்பான்ரை பேரும்தான் அவைக்கு ஆகாது."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முதலே தெரியுமே?"

"நித்தியானந்தன் ஒவ்வொரு நாளும் என்ரை சாப்பாட்டுப் பெட்டியிலையிருந்து பாதித் தோசை எடுத்துத் தின்னுறவர். விமலாக்கா ரெண்டாந்தரம் போன் எடுத்த நாள் தொடக்கம் தனக்கு விரதம் எண்டு கையை எடுத்திட்டார்," என்றான் சிறிதரன். "அந்த விரதத்துக்குத்தான் இப்ப தினமும் கன்டீனிலை மாட்டிறைச்சி சான்ட்விச் தின்னுறார்."