இறங்கும் எடை

கோட்டைச்சாமி அந்த அட்டையைக் கம்பியிலிருந்து உருவி என்னிடம் நீட்டினார்.

எடைமேடைச் சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பி அது. அவர் விற்ற பருத்தி லோடு, மக்காச்சோள லோடு என்று முப்பது வருடச் சீட்டுகள். சிலவற்றில் தப்பாக விழுந்த எண்ணைக் கோடு போட்டு அடித்து, எழுதியவரே பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அவருடைய மகன் கடைசியாகப் பறந்த நாளின் அட்டை.

ஒவ்வொரு போர் விமானத்துக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. அன்றைய வெயில், காற்று, விமானத்தின் எடை, ஏற எத்தனை மீட்டர் ஓடுபாதை வேண்டும், இறங்க எத்தனை மீட்டர் வேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்கள். ஒரு பிரதியை விமானி தொடையில் கட்டிக்கொண்டு போவார். இன்னொன்று விமானத் தளத்தில் எங்கள் அறையில் இருக்கும்.

மதன்குமார் சாரோடு போன பிரதி கடலில் கிடக்கிறது. இது எங்கள் அறையில் இருந்தது.

சாரின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி ஊருக்கு அனுப்பியபோது இதையும் நான்தான் உள்ளே வைத்தேன். அடியில் அவர் கையெழுத்து இருந்தது, வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன். வைத்திருக்கவே கூடாது.

நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது. பன்னிரண்டு நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டார்கள். இறந்துவிட்டார் என்று அரசாங்கத்துத் தாளும் வந்துவிட்டது. ஆனால் எம்.ரெட்டியபட்டியில் இந்த வீட்டில் இன்னும் காரியம் நடக்கவில்லை. படத்துக்கு மாலை கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்களைக் கோட்டைச்சாமி வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சாரின் மனைவி காளீஸ்வரிதான் எனக்குப் போன் செய்தது. மாமா அந்த அட்டையைக் காட்டி, மகன் வந்துவிடுவான் என்கிறார், வீட்டில் யாரையும் அழக்கூட விடமாட்டேன் என்கிறார், தாவீதண்ணே, நீங்கள் அதே தளத்தில் வேலை பார்க்கிறவர், பக்கத்து ஊர்க்காரர், நீங்கள் வந்து சொன்னால் கேட்பார் என்றது. எனக்குப் பந்தல்குடி. லீவு போட்டு வந்தேன்.

வந்ததும் கோட்டைச்சாமி என் போன் நம்பரைக் கேட்டார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மதன் வந்து சேர்ந்ததும் உங்களுக்குச் சொல்ல வேண்டாமா என்றார்.

தெருவில் ஏதாவது வண்டி நின்றால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அட்டையில் எந்தக் கட்டம் எதற்கு என்று மருமகளை வாசிக்கச் சொல்லித் தெரிந்துவைத்திருந்தார். விரல் சரியாக அந்த இடத்தில் போய் நின்றது.

"கெளம்பையில பதினாலாயிரத்து எரநூறு கிலோ. எறங்கையில பதினோராயிரத்து எழுநூறு. எறங்காம எடை எப்படித் தம்பி எழுதுவாக?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எடைமேடையில் லாரி லோடோடு ஏறினால் ஓர் எடை விழும். லோடை இறக்கிவிட்டுக் காலியாக வந்து ஏறினால்தான் அடுத்த எடை விழும். இரண்டு எடையும் உள்ள சீட்டு என்றால் வண்டி திரும்பிவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு சீட்டுகூட அவரிடம் பொய் சொன்னதில்லை.

தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஏறும் பக்கம், இறங்கும் பக்கம் இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே எழுதிவிடுவது ஐயா. எவ்வளவு எண்ணெய் எரியும் என்று கழித்தால் இறங்கும் எடை வந்துவிடும். யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. இறங்குவதற்குக் கணக்கு எழுதாமல் ஒருவரையும் ஏறவிட மாட்டோம்.

சாதகமான காற்றில் பாதியைத்தான் கணக்கில் எடுப்போம், பாதகமான காற்றை ஒன்றரை மடங்காக எடுப்போம் என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவ்வளவு பத்திரமாகத்தான் அனுப்பினோம் என்று அவர் நம்ப வேண்டும் போலிருந்தது.

வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. அவர் திரும்பவில்லை.

பிறகு காலண்டர் தாளை எடுத்து அட்டையின் பக்கத்தில் வைத்தார்.

என் போன் நம்பரில் இரண்டு ஏழு. இரண்டுக்கும் குறுக்கே சின்னக் கோடு. ஒன்று என்று யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காக வேலையில் பழகியது, கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அட்டையில் இருந்த ஏழுக்கும் அதே கோடு.

"நீங்க எழுதுனதா?"

ஆமாம் என்றேன். காளீஸ்வரியிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

விசாரணையில் என் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். ஒரு மீட்டர்கூடப் பிசகில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விமானம் ஒழுங்காகத்தான் ஏறியது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் கடலுக்கு மேல் காணாமல் போனது. இருந்தும் நான் தினமும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் தேவலை.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"எழுதுனவுகதான் அடிக்கணும். நான் அடிச்சா செல்லாது. நீங்களே அடிச்சுக் குடுங்க தம்பி."

இறங்கும் பக்கத்தின் மேல் கோடு இழுத்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதி போட வேண்டும் என்றார். இன்றைய தேதியா என்று கேட்டேன்.

இல்லை, அவன் செத்த தேதி என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த காளீஸ்வரி வாய்விட்டு அழத் தொடங்கியது. அவர் அட்டையை வாங்கிக் கம்பியில் குத்தினார். அழாதே என்று சொல்லவில்லை.