எர்த் குழி

ஜமுனாமரத்தூர் பட்டறையில் இருந்த பழைய வெல்டிங் மெஷின் தொட்டால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டுமென்று, பஞ்சாட்சரம் தினமும் காலையில் நசுங்கிய அலுமினியக் குடத்தில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து எர்த் குழியில் ஊற்றுவார். "மொதல்ல இது குடிக்கட்டும்டா" என்று கூட்டாளி பிரகாஷிடம் சொல்லிவிட்டுத்தான் டீக்குப் போவார்.

ஒரு ஆடி மாதக் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். பிரகாஷ் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. குடம் மூலையிலேயே கிடந்தது. ஆனாலும் குழி தினமும் ஈரமாகத்தான் இருந்தது. மெஷின் அவனை அடித்ததே இல்லை.

வயரெல்லாம் பொடிந்துபோகவே, போன வாரம் மெஷினை ஒடுகத்தூர் பழைய இரும்புக் கடை ஷாருக்கிடம் கொடுத்தான். "உள்ள இருக்குற எண்ணெய ஓடைல ஊத்திடாதீங்க பாய், விஷம்."

இன்று காலை புது மெஷினை மாட்டி ஸ்விட்சில் கை வைத்தபோது போன் அடித்தது. ஷாருக்.

"இன்னா மெஷின் குட்த்த பிரகாசு? அத்த வெச்ச எடம் டெய்லி காலைல ஈரமா கீது."

"எண்ணெய் ஒழுகுதா பாய்?"

"எண்ணெய அன்னிக்கே டின்ல புட்ச்சிட்டேன். இது தண்ணிப்பா. காஞ்சா வெள்ளையா உப்பு பூக்குது."

பிரகாஷ் குழியைப் பார்த்தான். அது காய்ந்து வெடித்திருந்தது. ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு மூலைக்குப் போனான்.

குடம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.